கோடியக்கரைக்கு அமைதி தேடி வராதீர்கள்

ஏப்ரலில் அப்ரைசல் முடிந்து, எதிர்பார்த்த சம்பள உயர்வு வராத வாரத்தில் எனக்கு இப்படிச் சில செய்திகள் வரும்: “மச்சி, போதும்டா. ஆறு மாசம் லீவ் போட்டுட்டு பறவைங்ககூட இருக்கப்போறேன். நீ போய் இருந்தியே, அங்க யார்கிட்ட பேசணும்?” எழுதுகிற நண்பர்களிடமிருந்து வருவது கொஞ்சம் வேறு மாதிரி. “நாவலை முடிக்கணும். சத்தமில்லாத இடமா வேணும். அந்தப் பறவை ஸ்டேஷன்ல ரூம் கிடைக்குமா?” இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். வராதே. அமைதிதான் வேண்டுமென்றால் ஏலகிரியில் ரிசார்ட் இருக்கிறது, காலை டிபனும் சேர்த்துத் தருவார்கள்.

இந்தப் பதிலுக்காக நிறைய திட்டு வாங்கியிருக்கிறேன். இயற்கையை உன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி பூட்டி வைக்கிறாயே என்று ஒருவர் கேட்டார். அவருக்கு வாட்ஸப்பில் சொன்னது பத்தாது என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

ஸ்டேஷன் என்ற சொல்லை நம் ஊரில் சரியாகவே புரிந்து வைத்திருக்கிறோம். ரயில்வே ஸ்டேஷன், போலீஸ் ஸ்டேஷன், ஃபயர் ஸ்டேஷன். எந்த நேரமும் டூட்டியில் ஒரு ஆள் இருந்தாக வேண்டிய இடம். பறவை என்ற சொல்லை முன்னால் சேர்த்ததும் மட்டும் எப்படியோ அது ஆசிரமம் ஆகிவிடுகிறது. அங்கே போனால் மனசு லேசாகும், போனை மறந்துவிடலாம், நம்மை நாமே கண்டுகொள்ளலாம். ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’ என்று இதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு ரேட் கார்டு. பறவை ஆய்வு நிலையம் என்பது ஒரு வேலையிடம். நம் ஆபீஸைவிட அலுப்பான வேலையிடம். அங்கே நீண்ட நாள் தங்குவதன் மதிப்பு முழுக்க அந்த அலுப்பில்தான் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

கோடியக்கரை ஒன்றும் உலகத்தின் மறுமுனை இல்லை. வேதாரண்யத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ் போகும். ஆனால் வரைபடத்தில் பாருங்கள்: வங்கக் கடலோரமாக நேராக இறங்கி வரும் தமிழகக் கரை, அங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. மூலையில் உலர்ந்த பசுமை மாறாக் காடு, அதன் ஓரத்தில் சேற்று வெளி, உப்பளம், தெற்கே பாக் நீரிணை. இமயமலை அடிவாரத்திலிருந்து, மத்திய ஆசியாவிலிருந்து, ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே சைபீரியாவிலிருந்து இறங்கி வரும் பறவைகளில் ஏராளமானவை இந்த மூலைக்கு வந்து சேர்கின்றன. சில இங்கேயே தங்கும், சில இலங்கைக்குத் தாண்டும். 1967இல் சரணாலயம் ஆனது, 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு வலசைப் பருவம் முழுக்க, அக்டோபர் முதல் வாரம் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை, அந்த ஊரில் வலை வேலைக்குக் கையாளாக இருந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை கொஞ்ச நாள்.

அங்கே குடியேறுவது என்பது முதலில் தண்ணீருக்குப் பழகுவது. டீயில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடியில் ஒரு கரிப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் துணி காயாது. துவைத்துப் போட்ட பனியன் நான்காம் நாள் துவைக்காததைவிட மோசமாக நாறும். பைனாகுலர் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைப்போம். சாயங்காலம் கொசு வரும் என்று சொன்னால் அது பொய், கொசு போவதே இல்லை. கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். போன் சிக்னல் சில இடங்களில் இருக்கும், நீங்கள் இருக்கும் இடத்தில் இருக்காது. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத விஷயம் நேரம்.

நாலரைக்கு எழ வேண்டும். விடிவதற்கு முன்பே வலைகளை விரித்துவிட வேண்டும். மெல்லிய கறுப்பு நூல் வலை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருக்கும். நிழலில் கண்ணுக்கே தெரியாது. மோதிய பறவை வலையின் தொங்கும் மடிப்பில் விழும். விழுந்ததை நேரத்துக்கு எடுக்காவிட்டால் வெயிலிலோ கீரியின் வாயிலோ போய்விடும் என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை எல்லா வலைகளையும் சுற்றி வர வேண்டும். நடுவில் புத்தகம் படிக்கலாம் என்று நினைத்தால் இருபது பக்கத்துக்கு மேல் ஓடாது. நாவல் எழுதலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும். எடுத்த பறவையைத் துணிப் பையில் போட்டுத் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, எடை பார்த்து, இறக்கையை ஸ்கேலில் அளந்து, எந்தெந்த இறகு உதிர்ந்து முளைக்கிறது என்று பார்த்து, அலுமினிய வளையத்தை மாட்டி விட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் வலையைச் சுருட்ட வேண்டும். மழை வந்தாலும் சுருட்ட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் உப்பளத்தின் வரப்புகளில் நடந்து எண்ண வேண்டும். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் உள்ளான்களுக்காகச் சேற்றில் வலை கட்டுவார்கள். முழங்கால் வரை சேறு, டார்ச் அடிக்கக் கூடாது, இருட்டில் இருபத்தைந்து கிராம்கூடத் தேறாத ஒரு கொசு உள்ளானை நூலிலிருந்து பிரிக்க வேண்டும். அது சைபீரியத் தூந்திரத்திலிருந்து வந்தது என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது. ஒரு காலில் செருப்பு சேற்றோடு போய்விட்டது என்பதுதான் ஞாபகத்தில் இருக்கும்.

முதல் மூன்று வாரம் பறவையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அவர்கள் சொல்லச் சொல்ல நான் பதிவேட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மாஸ்டர் டிகிரி முடித்துவிட்டு வந்திருந்த ஒரு மாணவருக்கும் அதே வேலைதான். நவம்பரில் ஒரு நாள் காலை முழுக்க வலையில் எதுவும் விழவில்லை. மாணவர் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார். வலை கட்டும் உள்ளூர் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னா தம்பி, மூடிட்டீங்க?”

“ஒண்ணும் விழலையேண்ணே.”

“விழலைன்னு எழுதிட்டு மூடுங்க. நாம வந்தோம்ல?”

என் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. டேட்டாபேஸில் ஒரு கட்டத்தில் பூஜ்யம் என்று இருப்பது வேறு, அந்தக் கட்டம் காலியாக இருப்பது வேறு. பூஜ்யம் என்றால் ஆள் போனான், பார்த்தான், இல்லை. காலி என்றால் ஆள் போனானா என்பதே தெரியாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க புது ஜாயினிகளுக்கு அரை நாள் டிரெயினிங் வைக்கிறோம், அப்படியும் புரொடக்ஷனில் தப்பு வரும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவர் அதை ஐந்து சொல்லில் முடித்துவிட்டார்.

பறவைகள் குறைகின்றனவா என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணமே இந்தக் காலிக் கட்டங்கள்தான். ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. ஆயிரக்கணக்கான பறவை நோக்கர்கள் ஈபேர்டில் பதிந்த பட்டியல்கள்தான் அடிப்படை. அதில் நீண்ட காலப் போக்கைக் கணக்கிடும் அளவுக்குத் தரவு இருந்தது 338 இனங்களுக்கு மட்டும். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. செய்தித்தாள்கள் அந்த அறுபதைப் பிடித்துக்கொண்டன, பிடிக்க வேண்டியதுதான். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது மிச்சமுள்ள 604. அவை நன்றாக இருக்கின்றனவா, அழிந்துகொண்டிருக்கின்றனவா என்று அந்த அறிக்கையால் சொல்ல முடியவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் போதுமான பேர், போதுமான இடங்களில், போதுமான நாள் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்த எண் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. இன்றைக்கு நாம் உட்காராவிட்டால் இன்னும் முப்பது வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும். எவ்வளவு நல்ல சாஃப்ட்வேர் வந்தாலும் யாரும் பார்க்காத ஒரு நவம்பர் காலையை அது திரும்பக் கொண்டுவராது.

பறவை நிலையம் என்ற ஏற்பாடே இப்படி உட்கார்ந்தவர்களால் வந்ததுதான். வட கடலில் ஹெலிகோலாந்து என்று ஒரு குட்டித் தீவு, இன்று ஜெர்மனியுடையது. 1837இல் ஹைன்ரிஷ் கேட்கே என்ற இளம் ஓவியர் அங்கே கடலை வரையப் போனார். நம் நாவலாசிரிய நண்பர் மாதிரியே, கலைக்காக. தீவு அப்போது பிரிட்டிஷார் கையில் இருந்தது, கவர்னருக்குச் செயலாளராக வேலை கிடைத்தது, தங்கிவிட்டார். அறுபது வருடம். வலசை போகும் பறவைகள் இரவும் பகலுமாக அந்தப் பாறைமேல் வந்து விழுந்துகொண்டிருந்தன. அவர் குறித்துக்கொண்டே இருந்தார். 1891இல் புத்தகமாகப் போட்டார்.

சுவாரசியம் என்னவென்றால், அந்தப் புத்தகத்தில் கேட்கே போட்ட கணக்குகளில் பெரிய தப்புகள் உண்டு. சின்னஞ்சிறு நீலகண்டங்கள் எகிப்திலிருந்து ஒரே இரவில் ஹெலிகோலாந்துக்குப் பறந்து வந்துவிடுகின்றன என்று நம்பினார். விமானத்துக்குத்தான் அது சாத்தியம். அவருடைய கோட்பாடு போய்விட்டது. எந்தத் தேதியில், எந்தக் காற்றில், எது வந்தது என்று அவர் எழுதி வைத்தது போகவில்லை. அவர் இறந்து பதின்மூன்று வருடம் கழித்து, 1910இல், அதே தீவில் முறையான பறவை நிலையம் வந்தது. பறவைகளைக் காயமில்லாமல் பிடிக்கும் பெரிய புனல் வடிவக் கூண்டுக்கு இன்றும் ‘ஹெலிகோலாந்து டிராப்’ என்றுதான் பெயர். கருத்து சொல்வதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் கேட்கேயின் கதையைக் கொஞ்சம் பயத்தோடு படிக்க வேண்டும்.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன், தப்பித்தல் என்ற சொல்லை ஆசையோடு உச்சரிக்கிறவர்களுக்காக. ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் ஸ்காட்லாந்துக்காரர். 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுப் போர்க்கைதி முகாமுக்குப் போனார். பிரிட்டிஷ் கைதிகள் சுரங்கம் தோண்டிய கதைகள் சினிமாவாகவே வந்திருக்கின்றன. வாட்டர்ஸ்டனும் இன்னும் சிலரும் முகாமுக்குள் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் பக்ஸ்டன், கவிஞர், இலக்கிய ஆசிரியர். கம்பி வேலிக்கு உள்ளே கூடு கட்டிய செவ்வால் குருவிகளை சக கைதிகளையும் சேர்த்துக்கொண்டு முறை வைத்துப் பார்த்தார். அந்தக் குறிப்புகள் 1950இல் அந்த ஒரே இனத்தைப் பற்றிய புத்தகமாக வந்தன. பட்டினி, குளிர், எப்போது விடுதலை என்று தெரியாத நிலை. துயரத்தைக் கவிதையாக எழுத அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது, எழுதவும் செய்தார். அதோடு, ஆண் குருவி எத்தனை மணிக்குக் கூட்டுக்கு இரை கொண்டுவந்தது என்பதையும் எழுதினார்.

வாட்டர்ஸ்டன் முகாமிலிருந்தபடியே ஒரு பறவை நிலையத்துக்குத் திட்டம் போட்டார். ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவிலிருக்கும் ஃபேர் ஐல் தீவு. போர் முடிந்தபின் அந்தத் தீவையே வாங்கி, கடற்படை விட்டுப்போன கொட்டகைகளில் 1948இல் நிலையத்தை ஆரம்பித்தார். 2019 மார்ச்சில் அதன் கட்டடம் முழுக்க எரிந்து போனது. 1948 முதலான பறவைப் பதிவுகளை அதற்குள் டிஜிட்டலாக்கி வைத்திருந்தார்கள், அதனால் அவை தப்பின. கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். என் வேலையில் ‘பேக்கப் எடுத்தாச்சா?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

இப்போது நம் பக்கம். தமிழில் பறவைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நம் இலக்கியத்தில் பறவைக்குப் பெரும்பாலும் ஒரே உத்தியோகம்தான்: போஸ்ட்மேன். காதலனிடம் போய்ச் சொல், மனைவியிடம் போய்ச் சொல், கடவுளிடம் போய்ச் சொல். சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு அதிலொன்று, ஆனால் அந்த மனிதர் முதலில் பறவையைப் பார்த்திருக்கிறார். அலகின் நிறத்தையும் வடிவையும் பனங்கிழங்கைக் கொண்டு சொல்கிறார். கால் சிவப்பு. அது தெற்கே வந்துவிட்டு வடக்கே திரும்பும் பறவை என்பதும் அவருக்குத் தெரியும். வலசை வரும் செங்கால் நாரை என்று இன்றைக்கும் அடையாளம் காண முடிகிற அளவுக்குத் துல்லியம். குளிரில் நடுங்கிக்கொண்டு, வறுமையில் மனைவியை நினைத்துக்கொண்டு கிடந்தவரின் கண் அது. நம் சமகாலக் கவிதைகளில் பறக்கிற பறவைக்குப் பெயர் கிடையாது. அது ‘ஒரு பறவை’. கவிஞருடைய தனிமையைத் தூக்கிக்கொண்டு வானத்தில் போகும். காகமா, கரிச்சானா, கடற்காகமா என்று கேட்டால் கவிதை புரியாதவன் ஆகிவிடுவோம்.

இதே ஆட்கள்தான் கோடியக்கரையில் ரூம் கேட்கிறார்கள். பொன்னியின் செல்வன் படித்துவிட்டுப் பூங்குழலியைத் தேடி வருபவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, அவர்கள் சாயங்காலமே வேதாரண்யம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். மூன்று வாரம் தங்கி, ‘கடலின் மௌனம்’ என்று கட்டுரை எழுதுகிறவர்கள்தான் பிரச்சினை. கடல் மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையில் ஏறியபோது காட்டையே புரட்டிப் போட்டது. அங்கே இருக்கிற யாரும் கடலை மௌனம் என்று சொல்லமாட்டார்கள். மூன்று வாரம் தங்குகிறவருக்குக் கிடைப்பது அவர் கூடவே கொண்டுவந்த மனசுதான், கொஞ்சம் உப்பு படிந்து.

பெரிய லென்ஸ்காரர்களையும் விட்டுவிட முடியாது. ஆறுமணிக் குருவி அக்டோபரில் வந்து இறங்கும். ஐம்பது அறுபது கிராம் பறவை, இமயமலை அடிவாரத்திலிருந்தோ மத்திய இந்தியக் காடுகளிலிருந்தோ பறந்து வந்த களைப்பு. சில சமயம் வீட்டுத் திண்ணையில்கூட வந்து உட்கார்ந்துவிடும். அதை உடனே முன்னால் வரவழைக்க போனில் அதன் குரலையே போட்டுக் காட்டுகிறார்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது இருக்கிற கொஞ்ச நஞ்சத் தெம்பையும் செலவழித்து வெளியே வரும். படம் இன்ஸ்டாகிராமில் அருமையாக வரும். ஒன்பது வண்ணமும் தெரியும்.

சரி, வலையில் பிடிப்பது மட்டும் கருணையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிடிபடுவது பறவைக்குத் தொந்தரவுதான். அதனால்தான் அரை மணிக்கொரு சுற்று, மூன்று வாரம் தொடக்கூடாது, மழையில் வலை கூடாது என்ற கெடுபிடி எல்லாம். அந்தத் தொந்தரவுக்கு ஈடாக ஒரு வரி எழுதப்படுகிறது. எழுதப்படாவிட்டால் அதற்கும் வேடிக்கைக்குப் பிடிப்பதற்கும் வித்தியாசமில்லை.

அந்த வரிகளை இதுவரை யார் எழுத வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சாலிம் அலியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சங்கம் 1959இல் பெரிய அளவில் வலசை ஆய்வைத் தொடங்கியதற்குப் பணம் கிடைத்தது பறவைகள்மேல் யாருக்கோ வந்த காதலால் இல்லை. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலில் செத்தார்கள். அந்தக் கிருமி ரஷ்யாவில் தெரிந்த ஒன்றுக்கு உறவு போல இருந்ததால், வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்ற பயம். உலக சுகாதார நிறுவனம் உதவியது. பின்னால் அமெரிக்க ராணுவத்தின் நோய் ஆய்வுத் திட்டம் ஒன்றிலிருந்தும் பணம் வந்தது, அதைச் சுற்றி ஏகப்பட்ட சர்ச்சையும் வந்தது. பயம் இருந்தவரை பணம் இருந்தது. பொறுமைக்கென்று தனியாக யாரும் பட்ஜெட் போடுவதில்லை, அன்றும் இன்றும்.

வலையைப் போட்ட கைகள் யாருடையவை? பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றவர்கள். அவர்களின் கண்ணியும் வலையும் குரல் போடும் வித்தையும் இல்லாமல் இந்தியாவில் வளையமிடும் வேலை நகர்ந்திருக்காது. அவர்களில் அலி ஹுசைன் போன்ற ஓரிருவரின் பெயர் வெளியே தெரியவந்தது. கோடியக்கரையில் சேற்றில் இறங்கும் உள்ளூர்க்காரர்கள் பலருடைய பெயர் ஆய்வுக் கட்டுரையின் கடைசியில், நன்றி என்ற தலைப்பின்கீழ், ‘களப்பணியாளர்கள்’ என்று மொத்தமாக வரும். நாட்டில் எத்தனையோ இடங்களில் இவர்கள் புராஜெக்ட் ஓடும்வரை மட்டும் தினக்கூலிக்கு இருப்பவர்கள். புராஜெக்ட் மூன்று வருடத்தில் முடியும், அடுத்த நிதி வரும்வரை மீன் பிடிக்கவோ உப்பளத்துக்கோ போவார்கள். அந்த இடைவெளியில் வந்த பறவைகள் எல்லாம் காலிக் கட்டம்.

‘தங்கணும்னா வசதி வேணும்ல, எல்லாராலயும் முடியுமா?’ என்று ஒரு தோழி கேட்டாள். முடியாதுதான். நான் இருந்தபோது என் பேங்க் அக்கவுண்டில் ஐந்து மாதத்துக்குப் பணம் இருந்தது, அண்ணனுடையதில் இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் அவர்தான் தங்கினார். ஆகவே வசதியுள்ளவன் தங்குவான் என்பதும் உண்மையில்லை. தங்குகிறவருக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்பும் கொடு, கட்டுரையில் அவர் பெயரைப் போடு என்பதுதான் இதிலிருந்து வர வேண்டிய கோரிக்கை. இயற்கை முகாமுக்கு இருபதாயிரம் கட்டுகிற நாம் அந்தக் கோரிக்கையைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் ஆபீஸ் நண்பர்களின் வாதம் வேறு. ஏஐ வந்தாச்சு, சாட்டிலைட் டேக் இருக்கு, காட்டில் ரெக்கார்டரைக் கட்டிவிட்டால் குரலை வைத்து இனத்தைச் சொல்லிவிடும், மனுஷன் எதுக்குக் கொசுக்கடியில் உட்காரணும்? நான் அந்தக் கருவிகளை உருவாக்கும் தொழிலில்தான் இருக்கிறேன், அவை நல்லவை. ஆனால் டேக் ஒரு பறவை எங்கே போனது என்று சொல்லும், அது இளைத்திருக்கிறதா, இறகு உதிர்க்கிறதா என்று கையில் எடுக்காமல் தெரியாது. பறவைக் குரலை ரெக்கார்டர் பிடிக்கும், சத்தம் போடாமல் சேற்றைக் கொத்தும் ஆயிரம் உள்ளான்களை எண்ணாது. அதற்கும் பேட்டரி மாற்ற ஆள் போக வேண்டும். உப்புக் காற்றில் கனெக்டர் துருப்பிடித்து நின்றுபோன கருவி கொடுப்பது பூஜ்யம் இல்லை, காலி. அதை பூஜ்யமென்று எடுத்துக்கொண்டு மாடல் ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கரண்டி போல அலகு கொண்ட ஓர் உள்ளான் இனம் உலகிலேயே சில நூறுதான் மிச்சம். ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் முட்டையிடும். கோடியக்கரையில் அது முன்பு பதிவாகியிருக்கிறது. நான் இருந்த ஐந்து மாதத்தில் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் அதற்கு ஒரு வரி உண்டு. ஒவ்வொன்றிலும் பூஜ்யம். எதிரே இருக்கும் கூட்டத்தில் ஒவ்வொரு உள்ளானின் மூக்கையும் டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பூஜ்யத்தைப் போட வேண்டும், வெயிலில் கானல் ஆடும்போது அது ஒரு மணி நேர வேலை. யாரும் லைக் போடாத வேலை. ஐந்து மாதத்தில் எனக்கு ஞானம் எதுவும் வரவில்லை, போனை நிறையவே தேடினேன், முதுகுவலி அதிகமாயிற்று.

ஆகவே இன்னமும் வரத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு ஆய்வு நிலையத்தில், பெயர் வேண்டாம், இரும்பு பீரோ நிறைய பழைய பதிவேடுகள் இருந்தன. மையெழுத்து, சில பக்கங்களில் கரையான். யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை, ஏற்ற ஆளில்லை. இதுபோன்ற பீரோக்கள் வேறு இடங்களிலும் இருக்கும். நம்மைப் போன்ற கீபோர்டு ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆறு மாதம் லீவ் போட்டாயிற்று அல்லவா? காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை, ஒரு மேஜை, ஒரு ஃபேன், வளைய எண், தேதி, இறக்கை நீளம், எடை. கையெழுத்து புரியாத இடத்தில் ஊகிக்கக் கூடாது, அதை எழுதியவர் உயிரோடு இருந்தால் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், பெரும்பாலும் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார். அறைக்கு ஜன்னல் உண்டு, ஆனால் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி. பறவை எதுவும் தெரியாது. சம்மதமென்றால் எனக்கு எழுதுங்கள், யாரிடம் பேச வேண்டும் என்று சொல்கிறேன்.